சியான் நகரில் நான் நிர்வாகத் தரப்பு ஆன கதை

சுற்றுலாக் குழுவை வெளிநாட்டுக்கு அழைத்துப் போவது சுலபமான வேலை. குழு மட்டும் கூட வராமல் இருந்தால் போதும். இதைப் படிக்கும் சக வழிகாட்டிகளே, நீங்கள் சிரிக்க மாட்டீர்கள். பட்டவர்கள் நீங்கள்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபது வருடம் தொழிற்சங்கச் செயலாளராக இருந்து, அந்தக் குற்றத்துக்காகவே வேலைநீக்கம் செய்யப்பட்டவன். படிப்பெல்லாம் துண்டுப் பிரசுரங்களில்தான். முதலில் படித்தேன், பிறகு எழுதினேன். சீனாவைப் பற்றி நிறைய வாசித்தவன் என்று கரையான்சாவடியில் டிராவல்ஸ் நடத்தும் ஹேமா என்னைத் தற்காலிகமாகச் சேர்த்துக்கொண்டார். பழைய தலைநகரான சியானுக்கு ஏழு நாள், பதினான்கு பேர். புகார் இல்லாமல் திரும்பினால் வேலை நிரந்தரம். புகார் வந்தால் அன்றோடு சரி. எத்தனையோ பேருக்கு நிரந்தரம் வாங்கிக் கொடுத்தவன், அறுபத்திரண்டு வயதில் அந்த ஒரு சொல்லுக்காக வாயைக் கட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.

பதினான்காவது பெயர்

விமான நிலையத்தில் பட்டியலைச் சரிபார்த்தபோது கடைசிப் பெயர் சபாபதி. எங்கள் தொழிற்சாலையின் பர்சனல் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். என் வேலைநீக்க உத்தரவில் இருந்தது இவருடைய கையெழுத்துதான். மகள் டிக்கெட் போட்டுக் கொடுத்திருக்கிறாள், வந்துவிட்டார்.

"வாங்க சார்" என்றேன். அவர் பெட்டியை நான் தூக்கவில்லை. அவரும் கொடுக்கவில்லை. இரண்டு பேரும் சிறிது நேரம் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு கைக்கடிகாரத்தைக் காட்டினார்.

"பதினோரு வருஷம் கழிச்சு நான் உங்ககிட்ட ரிப்போர்ட் பண்றேன், மாசிலாமணி. ஷிஃப்டுக்கு நேரத்துக்கு வந்துட்டேனா?"

மதில்மேல் ஊர்வலம்

சியானின் கோட்டை மதில் இன்னும் ஊரைச் சுற்றி முழுசாக நிற்கிறது. மேலே பஸ்ஸே ஓட்டலாம், அவ்வளவு அகலம். சைக்கிள் வாடகைக்குக் கிடைக்கும். "பெரும்பாலானவர்கள் அடுத்த வாசல் வரை போய்த் திரும்பிவிடுவார்கள்" என்று உள்ளூர் வழிகாட்டிப் பெண் லின் ஆங்கிலத்தில் எச்சரித்தாள். ஆனால் கிளம்பிய ஊர்வலத்தைப் பாதியில் திருப்பி எனக்குப் பழக்கமில்லை. முழுச்சுற்று என்று அறிவித்தேன். ஒரு பக்கம் ஓட்டுக் கூரைகள், மறுபக்கம் கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் நாங்கள், மணி அடித்துக்கொண்டு! முதல் மூன்று கிலோமீட்டர் எல்லோரும் பாடினார்கள். ஏழாவதில் பாட்டு நின்றது. மொத்தம் பதினான்கு கிலோமீட்டர்.

ஆவடி பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்த ஸ்டெல்லா டீச்சர் கடைசியாக வந்து சேர்ந்தார். சைக்கிளை விட்டு இறங்கவே இரண்டு பேர் பிடிக்க வேண்டியிருந்தது.

"சிலுவைப் பாதையிலயும் பதினாலு ஸ்தலம்தான் தம்பி. ஆனா ஆண்டவருக்கு நடுவுல சிலுவையைச் சுமக்க ஒரு ஆள் வந்தாரு."

மண் வீரர்கள்

மறுநாள், பழங்காலப் பேரரசரின் கல்லறைக்குக் காவலாக மண்ணால் செய்த படை. பள்ளத்தில் வரிசை வரிசையாக வீரர்கள், ஒருவர் முகம் போல் இன்னொருவர் முகம் இல்லை. செய்த தொழிலாளியின் பெயர் சில பொம்மைகளில் குத்தப்பட்டிருக்கிறது. தப்பு வந்தால் ஆளைப் பிடிக்க வசதியாம். இதைக் கேட்டபின் நான் எப்படிச் சும்மா இருப்பேன்? முக்கால் மணி நேரம் பேசினேன். பக்கத்துக் குழுக்காரர்கள்கூடக் கைதட்டினார்கள். எங்கள் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

மேனாம்பேட்டில் தண்ணீர் கேன் போடும் கஜா என் தோளைத் தட்டினான்.

"அண்ணாத்தே, கீழ ஆயிரக்கணக்குல நின்னுகினு கீறானுங்க, ஒருத்தன்கூட சோறு கேக்கல. மேல நாங்க பதினாலு பேருதான். கேக்குறோம்."

பிய்த்துப் போடும் வேலை

சோறு எங்கே கிடைக்கும்? அது கோதுமை ஊர். முஸ்லிம் தெருவில், புகையும் மிளகாய் வாசனையும் மூக்கைத் துளைக்க, ஒரு கடையில் உட்கார்ந்தோம். காலிக் கிண்ணமும் கெட்டியான இரண்டு ரொட்டியும் வைத்தார்கள். நாமே பொடிப்பொடியாகப் பிய்த்துக் கொடுத்தால்தான் ஆட்டுக்கறி சூப் ஊற்றித் தருவார்களாம். வாடிக்கையாளனிடமே வேலை வாங்கும் இந்தத் தந்திரத்தை விளக்கிக்கொண்டே பிய்த்தேன். சமையல்காரர் என் கிண்ணத்தைத் திருப்பி அனுப்பினார். சபாபதி சாருடையதை மட்டும் எல்லோருக்கும் தூக்கிக் காட்டினார். அவர் சொன்னதை லின் தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள்.

"அந்தப் பெரியவர் உழைப்பாளி. நீங்கள் பேச்சாளர். மறுபடியும் பிய்க்கச் சொல்கிறார்."

பஸ்ஸுக்குள் மறியல்

நான்காம் நாள் மாலை, விளக்குத் தெரு. பழங்கால அரசகுமாரி உடையை வாடகைக்கு உடுத்திய பெண்கள், முரசு, கூட்டம், ஊரே திருவிழா. என் பதினான்கு பேரும் இறங்க மாட்டோம் என்று பஸ்ஸிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். கால்வலி, சோறில்லை, சொற்பொழிவு தாங்கவில்லை. "வேண்டும் வேண்டும், சாம்பார் வேண்டும்!" என்று கஜா எடுத்துக் கொடுக்க, ஸ்டெல்லா டீச்சர் தாளம் தவறாமல் பதில் கொடுத்தார்.

படியில் நின்று, "முதலில் இறங்குங்கள், பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்றேன். சொன்ன பிறகுதான் உறைத்தது. வேலைநிறுத்தத்தின்போது தொழிற்சாலை வாயிற்கூட்டத்தில் சபாபதி எங்களிடம் சொன்ன அதே வாக்கியம்! கடைசி இருக்கையில் அவர் கண்ணில் நீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"அடுத்த வரி நான் சொல்லட்டுமா? 'நிர்வாகம் பரிசீலிக்கும்.'"

மனு

மறுநாள் காலை உணவின்போது சபாபதி சார் ஒரு காகிதத்தை என் முன் வைத்தார். குழுவினர் சேர்ந்து ஹேமாவுக்கு என்மேல் எழுதிய புகார். "இருபது வருஷம் உங்க மனுவைப் படிச்சவன் நான். படிச்சா அன்னிக்குத் தூக்கம் போயிடும். இது மனுவா? கொட்டாவி வருது" என்றார்.

படித்தேன். நான்கு இடத்தில் 'தயவுசெய்து'. முதல் கோரிக்கை எதுவென்றே தெரியவில்லை. அது போய்ச் சேர்ந்தால் என் வேலை போகும், அது தெரியும். ஆனால் அப்படியொரு மனு என் கை வழியாகப் போவதா? பேனாவை எடுத்தேன். பதினோரு கோரிக்கைகள். தினம் ஒருவேளை சோறு. சம்மதமில்லாமல் சைக்கிள் கூடாது. சொற்பொழிவு ஐந்து நிமிடம். ஏழாவதில் என்னை நானே கண்டித்தேன்; வாக்கியம் கணீரென்று அமைந்தது. அன்றைக்கே எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டேன். மதியம் சோறும் தக்காளி முட்டையும், மாலையில் சதுக்கத்தில் ஆடும் சீனத்து அம்மாக்களோடு பதினான்கு பேரும் ஆட்டம். ஆனாலும் முறை முறைதான். எழுதிய மனு நிர்வாகத்துக்குப் போக வேண்டும். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். ஸ்டெல்லா டீச்சர் மட்டும் திரும்ப வந்தார்.

"உங்களைத் திட்டினது அவ்வளவு அழகா இருக்கு தம்பி. இன்னொரு கையெழுத்து போடலாமா?"

கரையான்சாவடி

மனுவை நானே ஹேமாவின் மேஜைமேல் வைத்தேன். இரண்டு முறை படித்தார். யார் எழுதியது என்று கேட்டார். நான்தான் என்றேன். பெருமையை மறைக்க முயன்றேன், முடியவில்லை. அவர் மனுவை மடித்து டிராயருக்குள் வைத்துப் பூட்டினார்.

"உங்களை வெளிய விட்டா நாளைக்கு எதிர் கடையில உக்காந்து என்மேல இப்படி எழுதுவீங்க. திங்கக்கிழமைலேருந்து நீங்க பர்மனென்ட், அண்ணே."

நாற்பது வருடப் பொதுவாழ்வில் எனக்கென்று ஒரு நிரந்தர உத்தரவை வாங்கித் தந்த ஒரே போராட்டம், எனக்கு எதிராக நடந்தது.