ரெண்டு விரல் கீழே

என் கட்டுரை ஒன்றைச் சட்டம் போட்டு மாட்டிவைத்து ஒருவர் கும்பிடுகிறாராம். சொன்னவர் என் பிழைகளைத் திருத்தியே கண்ணாடியின் தடிமன் கூடிப்போன பழைய அலுவலக நண்பர்.

“அந்த லிஃப்ட்காரர்யா. கிண்டலா எழுதினியே, அவரேதான்!”

பதினோரு வருடம் கழித்து இந்த ஊருக்கு வந்திருந்தேன். ஊர் என்னைத் தேடியதாகத் தெரியவில்லை. குடியிருந்த தெருவின் தலைமேல் மேம்பாலம் ஏறி உட்கார்ந்திருந்தது. சாலையைக் கடக்க முன்பு ஒரு நிமிடம் போதும். இப்போது உயில் எழுதிவைத்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். இப்படிப்பட்ட ஊரில் ஒருவர் என்னைக் கும்பிடுகிறார் என்றால் சும்மா இருக்க முடியுமா? சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு, சரிபார்க்கக் கிளம்பினேன்.

அந்தக் காலத்தில் எங்கள் பத்திரிகை அலுவலகம் நாலாவது மாடி. கைப்பிடியைத் திருகி ஓட்டும் பழைய லிஃப்ட். லிஃப்ட்காரர் ஒருநாளும் அதைத் தரைக்குச் சமமாக நிறுத்தியதில்லை; சரியாக ரெண்டு விரல் கீழே நிற்கும். முதல் ஆளாகப் பாயும் என் கால் கட்டைவிரல்தான் தினமும் அடி வாங்கும். கடுப்பில் எழுதினேன்: அவருக்கு ‘ரெண்டு விரல்’ என்று பெயர் வைத்து, தூங்கி வழிபவர் என்றும் சேர்த்து. ஊரே சிரித்தது. அந்தக் கட்டுரையைக் காட்டித்தான் வேறு ஊரில் பெரிய வேலை வாங்கினேன்.

இப்போது பழைய கூண்டு இல்லை. மாடியின் எண்ணைத் தானே சொல்லும் லிஃப்ட். அவர் வாசல் மேசையில் வருகைப் பதிவேட்டோடு உட்கார்ந்திருந்தார். மீசை முழுக்க வெள்ளை. என் பெயரைப் பாதி எழுதியதும் பேனா நின்றது.

“அடேங்கப்பா, வந்துட்டீங்களா!”

பின்னாலிருந்த இரும்பு அலமாரியைத் திறந்தார். கதவின் உட்புறம் என் கட்டுரை. சட்டமில்லை, செல்லோடேப்.

“பிடிச்சிருந்துதா?” என்று கேட்டேன். ஆம், இதைத்தான் கேட்டேன்.

“நீங்க வந்தா கேக்கணும்னு ஒட்டி வெச்சேன் சார். பத்து பேர் நின்னா கயிறு இழுபடும். ஆள் இறங்க இறங்கக் கூண்டு தானா மேல வரும். உங்க ஆபீஸ் காசாளர் அம்மா ஊன்றுகோலோட கடைசியாத்தானே இறங்குவாங்க? அவங்க இறங்கறப்ப தரை சமமா இருக்கணும்னுதான் ரெண்டு விரல் கீழ நிறுத்துவேன். நீங்க முதல்ல குதிக்கிற ஆளு. உங்களுக்கு எங்க தெரியும்?”

மாதாமாதம் எனக்குச் சம்பளம் எண்ணிக் கொடுத்த அம்மா அவர். அவர் எப்படி இறங்குவார் என்று ஒருநாளும் திரும்பிப் பார்த்ததில்லை.

“நீங்க ஊரை விட்டுப் போன வாரம் மேனேஜர் உங்க கட்டுரையைப் படிச்சுட்டு சாக்பீஸால கோடு போட்டுட்டார். இங்கதான் நிறுத்தணும்னு. நிறுத்தினேன். எல்லாரும் இறங்கினதும் கூண்டு ரெண்டு விரல் மேல ஏறிடுச்சு. அம்மா கோலை ஊன்றினாங்க, தரை இல்ல. இடுப்பெலும்பு போச்சு.”

“அவங்ககிட்ட சொல்லலையா?”

“ஆஸ்பத்திரிக்கே போய்ச் சொன்னேன். ‘பேப்பர்லயே போட்டாங்களே தம்பி, நீ தூங்கி வழியறவன்னு. நான்தான் நம்பாம இருந்தேன்’னு மூஞ்சியத் திருப்பிக்கிட்டாங்க. அதோட பேச்சு போச்சு. நான் எப்ப சார் தூங்கினேன்?”

அவர் தூங்கி நான் பார்த்ததே இல்லை. வாக்கியத்துக்கு ஓசை போதவில்லை, சேர்த்துவிட்டேன்.

“மறுப்பு எழுதிடறேன்” என்றேன்.

“ஐயையோ, எழுதாதீங்க! இன்னொரு பேரு ஒட்டிக்கும். என் பேரனையே ‘ரெண்டு விரல் பேரன்’னுதான் கூப்பிடறானுங்க. நேர்ல போய் அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். மாசக் கடைசியில ரிட்டையர் ஆறேன். அதுக்குள்ள அவங்க வாயால இன்னொருதடவை தம்பின்னு கேட்டுட்டா நல்லாயிருக்கும்.”

பதிவேட்டின் ஓரத்தைக் கிழித்து முகவரி எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் காலை போனேன். தரைத்தள வீடு. ஜன்னலுக்குள் அந்த அம்மா, வாக்கரைப் பிடித்தபடி ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். செடியிலிருந்து நாற்காலிக்கு நாலடி தூரம். அதைக் கடக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆனது என்று எதிர்ச்சாரியில் நின்று பார்த்தேன். அழைப்புமணி வரை என் கால் போகவில்லை. வந்த பேருந்தில் ஏறிவிட்டேன். எப்போதும்போல முதல் ஆளாக.

எழுதாதீர்கள் என்றதை இதோ எழுதிவிட்டேன். சொல்லச் சொன்னதை இன்னும் சொல்லவில்லை. முகவரிச் சீட்டு சட்டைப் பையில் இருக்கிறது. மாதம் முடிய ஒன்பது நாள்.