ரோடு ஏறியது, வீடும் ஏறியது

வீடு கட்டுகிற மேஸ்திரிக்குக் கிருகப்பிரவேசத்தில் வேட்டி சட்டை வைத்துக் கொடுப்பார்கள். கட்டிய வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்குகிற எங்களை, வேலை முடிகிற வரை திருடன் மாதிரிதான் பார்ப்பார்கள்.

மழை வந்ததும் ரோட்டுத் தண்ணீர் ஹாலுக்குள் புகுந்து, அரிசி மூட்டையைக் கட்டில் மேல் ஏற்றி வைத்தவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே கட்சி. பெங்களூரில் பழைய தாரைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு ரோடு உயர்ந்துகொண்டே போனது. வீடு மட்டும் பாவம், இருந்த இடத்திலேயே இருந்தது.

இந்த ஊர் வளர்ந்த கதையைச் சொல்ல எல்லாரும் அண்ணாந்து பார்த்துக் கண்ணாடிக் கட்டடங்களைக் காட்டுவார்கள். நான் குனிந்து காட்டுவேன். ரோட்டோரம் ஒரு குழி தோண்டினால் போதும். அடியில் கருங்கல் ஜல்லி, அதன் மேல் தார், அதன் மேல் இன்னொரு தார். மாட்டு வண்டி போன ரோட்டிலிருந்து மெட்ரோ தூண் நிற்கிற ரோடு வரை அத்தனையும் கையால் தொட்டுப் பார்க்கலாம். என் அப்பா கோலார் தங்கவயல் சுரங்கத்துக்குள் பாறை இறங்காமல் மரமுட்டுக் கொடுத்தவர். நான் வீடு ஏறுவதற்கு முட்டுக் கொடுக்கிறேன். சொல்லிக்கொள்ளப் பெருமையாகத்தான் இருக்கிறது.

மல்லேஸ்வரத்து யோசனை

மல்லேஸ்வரத்தில் ஒரு ரிட்டயர்ட் அதிகாரி. மூன்று தலைமுறையாக அங்கேயே இருக்கிற தமிழ்க் குடும்பம். தன் கல்யாணப் போட்டோவைக் கொண்டுவந்து காட்டினார். அதில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஐந்து படி ஏறி வீட்டுக்குள் போகிறார்கள். இப்போது அதே வாசலுக்கு ரோட்டிலிருந்து இரண்டு படி இறங்க வேண்டும்.

சுவருக்கு அடியில் கொஞ்சம் கொஞ்சமாக அறுப்போம், இரும்புச் சட்டம் கொடுப்போம், நூறு ஜாக்கி வைப்போம், ஒரே நேரத்தில் கால் சுற்று திருகுவோம் என்று அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி கடைசியில் வாயைத் திறந்தார்: "இவ்வளவு கஷ்டம் எதுக்குங்க? அந்த ரோட்டை மூணு அடி இறக்கிக் கொடுத்துடுங்களேன், தெருவுக்கே பிரயோஜனமா இருக்கும்."

ஜெசிந்தா அக்காவின் நிபந்தனை

ஜோகுபாளையத்தில் ஜெசிந்தா அக்காவின் வீடு இன்னும் மோசம். ஜன்னலைத் திறந்தால் தெருவில் போகிறவர்களின் செருப்புதான் தெரியும். இரண்டு அறை. பீன்யாவில் ஒரு சுவிட்ச் ஃபேக்டரியில் வேலை பார்த்து, சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வீட்டுக்காரர் தவறிப்போன பிறகு தனியாளாகக் கட்டியது. மகன் ஆரோக்கியராஜுக்கு அதை பில்டரிடம் கொடுத்துவிட்டு அம்மாவைத் தன் அபார்ட்மெண்டுக்குக் கூட்டிப் போக வேண்டும் என்று ஆசை. நான் அளவெடுக்கப் போன அன்றைக்குப் பத்திரத்தோடு உட்கார்ந்திருந்தான்.

அக்கா எங்கள் இருவரையும் எதிரில் நிற்க வைத்துச் சொல்லிவிட்டார். வீட்டைத் தூக்குவது. விரிசல் விழாமல் நின்றால் விற்கிற பேச்சே இருக்கக் கூடாது. விரிசல் விழுந்தால் அன்றைக்கே கையெழுத்து. "ஏன்க்கா, இதை என் தலையிலயா கட்டுறீங்க? பேசாம பையன்கூடப் போய் நிம்மதியா இருக்கலாமே" என்றேன். அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"இருபத்தாறு வருசம் ரெண்டு பஸ் மாறிப் போயி சுவிட்சு மாட்டினவ நானு. இந்த ஊர்ல பாதி வீட்டு லைட்டு என் கை பட்டுத்தான் எரியுது, என் வீட்டை மட்டும் இருட்டாக்கிட்டுப் போகச் சொல்றியா?"

கேஸ்காரரின் சந்தேகம்

தூக்கும்போது வீட்டுக்குள் ஆள் இருக்கலாம், ஆபத்தில்லை என்று நாங்களே சொல்வோம். யாரும் நம்ப மாட்டார்கள். அக்கா நம்பினார். நம்பியதோடு விடாமல், விளிம்பு வரை காபி ஊற்றிய டம்ளரைத் தினமும் தரையில் வைத்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொள்வார். நான் குரல் கொடுப்பேன். பீகார், ஒடிசா, கோலார் என்று எல்லா ஊர் ஆட்களும் ஒரே மூச்சில் ஜாக்கியைத் திருகுவார்கள். ஒரு நாள்கூடக் காபி தளும்பவில்லை. என் ஆட்களை நினைத்து நெஞ்சு நிறைந்துபோனது.

ஆனால் வீட்டை மூன்றடி தூக்கின சந்தோஷத்தில், வாசலுக்குப் படி வைக்க வேண்டும் என்பதை ஒருவரும் நினைக்கவில்லை. மாதா கோவிலுக்குப் புறப்பட்ட அக்கா வாசலில் நின்று கீழே பார்க்கிறார். நாங்கள் மேலே பார்க்கிறோம். அந்த நேரம் பார்த்து கேஸ் சிலிண்டர்காரர் வந்து இறங்கினார். "என்னக்கா இது? புக்ல கிரவுண்ட் ஃப்ளோர்னு இருக்கு, நீங்க ஃபர்ஸ்ட் ஃப்ளோர்ல நிக்கிறீங்க!"

உடைந்த கண்ணாடி

வேலை தொடங்கும் முன் ஒவ்வொரு மூலையிலும் சுவருக்குச் சுவர் குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டுவோம். சுவர் நூலளவு அசைந்தாலும் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். கடைசி நாள் ஆரோக்கியராஜ் வருவதற்கு முன் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போனேன். எல்லாம் முழுசாக இருந்தன. பின்பக்கம், புதுச் சுவர் பழைய சுவரோடு சேருகிற மூலையில் மட்டும் கண்ணாடி இரண்டாகக் கிடந்தது. பின்னால் விரல் நுழைகிற விரிசல்.

விரிசல் அடைக்கிற பட்டி வாளி பக்கத்திலேயே இருந்தது. "அஞ்சு நிமிசத்துல மூடிடலாம் அண்ணா" என்றான் என் ஆள் ஒருவன். எனக்குக் கை போகவில்லை. இதை மூடிவிட்டு நாளைக்கு எந்த முகத்தோடு இன்னொருவர் வீட்டுக்கு அடியில் ஜாக்கி வைப்பேன்? நேராகப் போய் அக்காவிடம் சொன்னேன். அதற்குள் வந்துவிட்ட மகனும் கூடவே வந்தான். விரிசலைத் தடவிப் பார்த்தான். அவன் முகத்திலும் சந்தோஷம் இல்லை. அக்கா விரிசலைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், பிறகு இடுப்பில் கை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னா மேஸ்திரி, இதுக்கா மூஞ்சைத் தொங்கப் போட்டுக்கினு வந்தே? இது போன வருசம் இவன் கட்டின பாத்ரூமு. நான் கட்டின செவுத்துல ஒரு விரிசல் காட்டச் சொல்லு, இப்பவே கையெழுத்துப் போடுறேன்!"

பெங்களூர் எவ்வளவு உயர்ந்தது என்று யாராவது கணக்கெடுத்தால், ஜோகுபாளையத்தில் மூன்றடியை என் பெயரில் எழுதிக்கொள்ளலாம், பாத்ரூம் நீங்கலாக.