குளியலறையில் அணைகிற நெருப்பு

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கமாக இருக்கும் எங்கள் ஃபிளாட்டின் குளியலறையில் கேஸ் கீசர் பூட்டியது என் கணவரின் முடிவு. பச்சைத்தண்ணீரில் குளித்தால் எனக்கு இழுப்பு வரும். கீசர் நன்றாகத்தான் எரிந்தது, நான் தலைக்கு ஷாம்பு போடும் வரைக்கும்.

“இஞ்சேருங்கோ, திரும்பவும் நூந்துபோச்சு!”

“நீர் பைப்பைப் பூட்டித் திறவும். எல்லாத்துக்கும் பொறுமை வேணும்,” என்பார் கதவுக்கு வெளியே நின்று. கண்ணில் நுரை போகாதவர்களுக்குப் பொறுமை தாராளமாக வரும்.

பற்றரி மாற்றினார். சிலிண்டர் மாற்றினார். கடைசியில் குற்றவாளியைக் கண்டுபிடித்தார்: கடற்காற்று. கார்த்திகை விளக்கீட்டுக்குப் பல்கனியில் வைக்கும் விளக்குகளை அந்தக் காற்று விட்டுவைப்பதில்லை. வருடாவருடம் இவர் பிஸ்கட் பெட்டி மட்டையை வெட்டி மறைப்புக் கட்டுவார். எங்கள் விளக்குகள்தான் கடைசிவரை எரியும். அந்தப் பெருமையோடு குளியலறைக்குள் நுழைந்தார். எப்போதும் சாத்தியே கிடக்கும் யன்னலின் இடுக்குகளை மட்டையாலும் டேப்பாலும் அடைத்தார். நான் உள்ளே போனதும் கதவுக்கடியில் தன் பழைய சாரத்துணி ஒன்றையும் செருகிவிடுவார்.

நெருப்பு முன்பைவிடச் சீக்கிரமாக அணைந்தது.

“நெருப்பை நூர்க்கிற பாகம் ஒண்டு உள்ளுக்க கிடக்கு. அதுதான் பழுது. கழட்ட ஆள் வரச் சொல்லிட்டன்,” என்றார்.

ஆள் வருவதற்கு முன் நான் குளிக்கப் போனேன். மூட்டினேன், அணைந்தது, மறுபடியும் மூட்டினேன். தலை பாரமாகிக் கால்கள் துவண்டன. எப்படியோ கதவைத் திறந்து, ஈர உடுப்போடு வெளியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

“தலை சுத்துதப்பா.”

“பொறும், வாறன்,” என்று என்னைத் தாண்டி உள்ளே போய்ப் பைப்பைத் திறந்தார். நெருப்பு பற்றி, அசையாமல் நீலமாக எரிந்தது. “பாத்தீரா! இப்ப எரியுது!”

எனக்கும் மூச்சு மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தது. திறந்த கதவையும் டேப் ஒட்டிய யன்னலையும் மாறி மாறிப் பார்த்தேன். விளங்கியது. விளங்கிய பிறகுதான் பயம் பிடித்தது.

“விளக்கீட்டுக்குத்தான் காத்தை மறைக்கோணும். இதுக்குக் காத்து வேணும். எனக்கும் வேணும்.”

அவர் யன்னலைப் பார்த்தார். முகம் வெளிறிப்போயிற்று. கீசரை நிறுத்திவிட்டு, டேப்பை நகத்தால் பிய்க்கத் தொடங்கினார். நகம் மடங்கியும் நிறுத்தவில்லை. திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். அந்தக் கையைப் பார்த்ததும் திட்ட முடியவில்லை.

அப்போது மணி அடித்தது. திருத்துகிறவன் ஸ்பேனரோடு வாசலில் நின்றான்.

“எப்பா மல்லி, எப்பா! வேண்டாம் தம்பி, கழட்ட வேண்டாம்!” என்று கணவர் சிங்களமும் தமிழுமாகக் கத்தி, இரண்டு கையையும் விரித்து அவனை மறித்தார்.

அந்தப் பாகத்தில் பழுதே இல்லை. காற்றுக் குறைந்தால் நெருப்பை நிறுத்துவதுதான் அதன் வேலை. எனக்கு மூச்சு முட்டப்போவதை இந்த வீட்டில் முதலில் கவனித்தது அதுதான். அதைத்தான் கழற்றி எறிய ஆள் கூப்பிட்டிருந்தோம்.