ஆறு வேளைச் சாப்பாடு

கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு, நக்கிப் பார்த்து, "இன்னும் ஒரு சிட்டிகை உப்பு" என்கிறார் அக்கா. தொழிற்சாலை கேன்டீனில் இருநூறு பேருக்குச் சமைப்பவர். மேலாளருக்கும் அவர் அக்காதான், காவலாளிக்கும் அக்காதான். இருபது வருடமாக அவர் உட்கார்ந்து சாப்பிட்டதை ஒருவரும் பார்த்ததில்லை.

புற்றுநோய்க்காக அவருடைய இரைப்பையை முழுவதுமாக எடுத்து நாலு மாதம் ஆகிறது. வயிறே இல்லாத சமையல்காரி! கேட்பவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். அவரோ, "பசிங்கிற சனியன் விட்டுப்போச்சு, நிம்மதி" என்பார். அந்த நிம்மதிதான் ஆபத்து. பசி கூப்பிடாததால் கடிகாரத்தைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும். ஒரு நாளைக்கு ஆறு வேளை, கைப்பிடி அளவு, கூழாகும்வரை மென்று. தண்ணீர் அரைமணி கழித்துத்தான். இனிப்பு ஆகவே ஆகாது. யாரோ பிறந்தநாள் என்று நீட்டிய கேக்கை மரியாதைக்காக விழுங்கிவிட்டு, நெஞ்சு படபடக்க, வேர்த்து விறுவிறுத்து, அரிசி மூட்டைமேல் சாய்ந்துவிட்டார் ஒருநாள்.

மாதாந்தர வைட்டமின் ஊசியை அவர் தவறவிட்டதே இல்லை. ஆனாலும் போன மாதம் எடை நாலு கிலோ இறங்கிவிட்டது.

"நேத்து என்னம்மா சாப்பிட்டீங்க?" என்று கேட்டார் மருத்துவமனையின் உணவு ஆலோசகர். மீன், பருப்பு, கீரை, முட்டை என்று அக்கா மளமளவென்று அடுக்கினார்.

"எவ்வளவு?"

"ருசி பாக்குற அளவுதான்."

பொய்யில்லை. அடுப்படியில் நின்றபடி நாலு கரண்டி ருசி பார்த்தால் அவருக்கு அதுதான் சாப்பாடு. ஆயுள் முழுக்க அப்படியே ஓட்டியவர். பக்கத்தில் நின்ற கணவர், பட்டறை மெக்கானிக், அதிர்ந்து பேசாத மனிதர், உடைந்துபோனார். "ஊருக்கெல்லாம் ஆக்கிப் போட்டுட்டு, என் கண்ணு முன்னாலேயே பட்டினி கெடக்குறியேடி!"

"இன்னும் ரெண்டு கிலோ கொறைஞ்சா மறுபடி குழாய் வழியாத்தான் சாப்பாடு. வேலையையும் மறந்துட வேண்டியதுதான்" என்றார் ஆலோசகர். வீடு திரும்பும் வழியெல்லாம் அக்கா கணவரின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். பயந்துவிட்டார், பாவம்.

மறுநாள் பகல் பன்னிரண்டு மணி. பரிமாறும் ஜன்னலிலிருந்து வாசல்வரை வரிசை நின்றது. "அக்கா, பசி உயிர் போகுது!" என்று யாரோ தட்டைத் தட்டினார்கள். அக்கா முதல் அகப்பைக் குழம்பை ஒரு சின்னக் கிண்ணத்தில் ஊற்றி, அவித்த முட்டையை அதில் உதிர்த்துப் போட்டுக்கொண்டார். ஜன்னலருகே வந்தார்.

"அரைமணி பொறுங்கப்பா. நான் சாப்பிடணும்."

அத்தனை முகங்களையும் ஒருமுறை பார்த்துவிட்டு, ஜன்னல் கதவை இழுத்துச் சாத்தினார்.