பங்களாக்காரம்மா பேரம் பேசவில்லை

குறைத்துக் கேட்பார்கள் என்று தெரிந்தே ஒரு வேலைக்குக் கூட்டி எழுதுவது பொய்யில் சேருமா, சேராதா? மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எஸ்டிமேட் எழுத உட்காரும்போதெல்லாம் இந்தக் கேள்வியும் வந்து எதிரே உட்கார்ந்துகொள்கிறது. ஏற்காட்டில் நானும் கணவரும் வீடுகளுக்குப் பெயின்ட் அடிப்பது, ஒழுகும் கூரையைச் சரிசெய்வது போன்ற வேலைகளை எடுத்துச் செய்கிறோம். வேலை அவர் பொறுப்பு, தொகை எழுதுவது என் பொறுப்பு. ஒன்றை எழுதுவேன், அழிப்பேன், மறுபடியும் அதையே எழுதுவேன்.

இதற்குக் காரணம் என் மாமா என்று சொன்னால் அவர் வருத்தப்படுவார். ஆனாலும் சொல்கிறேன்.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது தலைச்சோலையில் அம்மாவின் தம்பியான மாமாவும் அத்தையும் எங்களோடுதான் இருந்தார்கள். மாமா எஸ்டேட் வேலையை விட்டுவிட்டு பங்களாக்களுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தார். அவருடைய எஸ்டிமேட் எல்லாம் வாயில்தான். கேட்டருகே நின்று ஒரு தொகை சொல்வார். வீட்டுக்காரர் மயக்கம் வந்ததுபோல் நடிப்பார், மாமா கிளம்பிவிடுவதுபோல் நடிப்பார். கடைசியில் நடுவில் எங்கேயோ சந்தித்து இருவரும் சிரித்துக்கொள்வார்கள்.

மஞ்சக்குட்டை போகும் வழியில் பழைய பங்களா ஒன்றை வாங்கியிருந்த ஓர் அம்மாதான் முதன்முதலில் எஸ்டிமேட்டை எழுத்தில் கேட்டவர். பெங்களூரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்த வேலை பிடித்திருந்தால் பக்கத்திலிருக்கும் தன் இரண்டு காட்டேஜ் வேலைகளையும் மாமாவுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். அவை கிடைத்தால் மழைக்காலம் முழுவதும் மாமா வேலையில்லாமல் உட்கார வேண்டியதில்லை. வீட்டில் எல்லோருக்கும் அந்த நினைப்புதான்.

கையெழுத்து நன்றாக இருந்ததால் நான் எழுதினேன். சுவர் சுரண்டுவது, பட்டி பார்ப்பது, இரண்டு கோட் பெயின்ட், ஜன்னலுக்கு வார்னிஷ் என்று வரிக்கு ஒரு வேலை. ஒவ்வொரு வரியிலும் மாமா கொஞ்சம் ஏற்றச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

"அவங்க கொறைக்கச் சொல்லோணும், நாம எறங்கோணும் கண்ணு. அப்பத்தான் ரெண்டு பேருத்துக்கும் மரியாதை."

ஞாயிற்றுக்கிழமை என்னையும் கூட்டிப்போனார். எந்த வரியில் எவ்வளவு இறங்குவது என்று ஷேர் ஜீப்பிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டார். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டு நிதானமாகப் படித்தார். தெளிவாக எழுதியிருக்கிறீர்கள், நாளைக்கே ஆரம்பியுங்கள் என்று சொல்லி அட்வான்ஸை நீட்டினார்.

மாமா கை நீட்டவில்லை. "ஏனுங்கம்மா, நல்லாப் பாத்தீங்களா?" என்றார்.

"பாத்தேனே."

"கடைசி வரைக்குமுங்களா?"

அன்று எங்கள் வீட்டில் துக்கம் விழுந்ததுபோல் இருந்தது. "நீ கம்மியாச் சொல்லிப்போட்டயாட்ட இருக்குது சாமி. இல்லீன்னா யாராச்சும் வாயத் தொறக்காம குடுப்பாங்களா?" என்றார் என் அம்மா. கம்மியும் இல்லை ஒன்றும் இல்லை, தனியாக இருக்கும் பொம்பளையை ஏமாற்றியாகிவிட்டது, அந்தப் பாவம் இனி நம் ஊட்டுக்குத்தான் வரும் என்றார் அத்தை. மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தால் கூட்டிச் சொன்னது வெளியே தெரிந்துவிடும். வைத்துக்கொண்டால் தூக்கம் வராது. கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தார். கூடுதல் பணத்துக்குக் கூடுதலாக உழைத்துக் கழித்துவிடுவது.

வேலை நடந்த நாட்களில் அந்த அம்மா பெங்களூர் போயிருந்தார். எழுதிய வேலைகளை முடித்துவிட்டு மாமா எழுதாத வேலைகளில் இறங்கினார். கேட்டுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்தார். மீந்த பச்சையை நாய்க்கூண்டுக்கும் அடித்தார். தண்ணீர்த்தொட்டியைக் கழுவினார். அப்படியும் மனம் ஆறவில்லை. பங்களாவைச் சுற்றி வெள்ளைக்காரர் காலத்துக் கருங்கல் மதில், பாசி படர்ந்து, இடுக்கெல்லாம் பெரணிச் செடி முளைத்துக் கிடந்தது. அதைக் கம்பி பிரஷ்ஷால் சுரண்டி, பளிச்சென்று சுண்ணாம்பு அடித்துவிட்டார். சனிக்கிழமை அந்த அம்மா வந்தபோது, அவர் சந்தோஷப்படுவதை நானும் பார்க்கட்டும் என்று என்னையும் அழைத்துப் போயிருந்தார்.

காரிலிருந்து இறங்கியவர் வீட்டுக்குள் போகவே இல்லை. மதிலருகே போய்த் தொட்டுப் பார்த்தார். விரலெல்லாம் வெள்ளை.

"இதை யார் பண்ணச் சொன்னாங்க?"

"ஆருஞ் சொல்லலீங்க. இதுக்குக் காசு வேண்டாமுங்க, சும்மா செஞ்சதுங்க."

"இந்தப் பாசிக்காகத்தான் இந்த வீட்டையே வாங்கினேன்."

சத்தம் போட்டிருந்தால் தேவலை. நாங்கள் வழுக்கி விழுந்து திட்டும் பாசியை ஒருவர் காசு கொடுத்து வாங்குவார் என்று எங்கள் இருவருக்குமே தெரியாது.

மீதிப் பணத்தை அவர் முழுதாக எண்ணி நீட்டினார். இந்த முறை பேரம் பேசியது மாமா. கொறச்சுக் குடுங்க, பாதி போதும் என்று கெஞ்சினார். எழுதினது எழுதினதுதான் என்று சொல்லி, மாமா கையில் வைத்துவிட்டு அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

காட்டேஜ் வேலைகள் சேலத்து ஆட்களுக்குப் போயின. மழை தொடங்கியதும் மாமா பழைய எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரிடமே போய் வேலை கேட்டு நின்றார்.

அந்த அம்மாவின் கோபம் பாசியைப் பற்றியது மட்டும்தான் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். என் கையெழுத்தில் இருந்த ஒவ்வொரு வரியையும் அவர் அப்படியே நம்பினார் என்பதோ, அதைக் கொடுத்த எங்கள் வீட்டில் ஒருவர்கூட நம்பவில்லை என்பதோ அந்த வயதில் எனக்கு உறைக்கவில்லை.

இப்போது என் முன்னால் ஒரு ஆசிரியர் வீட்டு எஸ்டிமேட் பாதியில் நிற்கிறது. உள்ளதை எழுதி, அவர்கள் அதிலும் குறைக்கச் சொன்னால் எங்களுக்குக் கையைக் கடிக்கும். ஏற்றி எழுதி, அவர்கள் மறுபேச்சில்லாமல் ஒத்துக்கொண்டால் என்ன செய்வேன்? வீட்டு வேலைக்கு ஆள் கூப்பிடுகிறவர்கள் யாராவது இதைப் படித்தால் தயவுசெய்து எழுதுங்கள். எங்களைப் போன்றவர்கள் கொடுக்கும் தாளைக் கையில் வாங்கும்போது, அதில் எவ்வளவை நம்புகிறீர்கள்?