பாதி உள்ளே, பாதி வெளியே

கவலை மீனைக் கல் உப்பு போட்டுத் தேய்த்து, மூன்று தண்ணீர் கழுவி முடிக்கும்வரை ஆரோக்கியமேரி அடுப்பைப் பற்றவைப்பதில்லை. ஞாயிறு பூசை முடிந்து செவ்வாப்பேட்டை வீட்டுக்கு வந்ததும், டிவிக்கு எதிரே தரையில் பேப்பரை விரித்து இந்த வேலை ஆரம்பமாகும். கை மீனில் இருக்கும், காது டிவியில் இருக்கும். சத்தீஸ்கர் காட்டில் துப்பாக்கியோடு இருப்பவர்களுடன் அரசு பேசலாமா கூடாதா என்று அதில் நான்கு பேர் கத்துகிறார்கள். ஆயுதத்தைக் கீழே போட்டால்தான் பேச்சு என்கிறார் ஒருவர். தேடுதல் வேட்டையை நிறுத்தினால்தான் பேச்சு என்று அவர்கள் சொல்கிறார்களே என்கிறார் இன்னொருவர்.

"நீ மொதல்ல, நீ மொதல்லன்னு சொல்லிக்கினே இருங்க. பெத்தவ வயிறு எரியட்டும்," என்று மீனிடம் சொல்கிறார் மேரி.

அவருடைய மகன் ஜெபா துணை ராணுவத்தில் இருப்பது அந்தக் காட்டில்தான்.

காக்களூர் தொழிற்பேட்டையில் பாட்டில் மூடி செய்யும் கம்பெனியில் மேரிக்கு பேக்கிங் வேலை. ஷிப்டு முழுக்க நிற்கிறவர் என்பதால், வீட்டில் தரையில் உட்கார்ந்தால் லேசில் எழுந்திருக்க மாட்டார். உப்பு டப்பாவைக்கூடக் காலால்தான் இழுத்துக்கொள்வார். யார் சண்டை போட்டாலும் நடுவில் போய் நிற்பார். குழாயடியில் அடித்துக்கொண்ட இரண்டு பேரை ஒரே ஷேர் ஆட்டோவில் ஏற்றி, திருவள்ளூர் போய்ச் சேருவதற்குள் பேசவைத்திருக்கிறார். அவர்கள் இன்றும் பேசிக்கொள்கிறார்கள், மேரியைத் திட்டி.

எல்லாவற்றுக்கும் அவரிடம் உள்ளது ஒரே உதாரணம்: நைட் ஷிப்டுக்கு வேன் கேட்டு நடந்த ஸ்டிரைக். வேலைக்கு வந்தால் பேசுகிறேன் என்று மேனேஜர் கம்பெனி கேட்டுக்கு உள்ளே. பேசினால் வருகிறோம் என்று பெண்கள் வெளியே. மேரிதான் வாட்ச்மேன் பெஞ்சை இழுத்து வந்து கேட்டின் குறுக்கே போட்டார்.

"பாதி உள்ள, பாதி வெளிய. அவரும் வெளிய வர்ல, நாங்களும் உள்ள போவல. குந்திக்கினு பேசனோம்."

அன்றே ஒப்பந்தமானது. ஆனால் கோபக்காரி என்று, கூட வேலை செய்யும் சுமலதாவை மட்டும் பேச்சுக்குக் கூப்பிடவில்லை. அவள் ஊர்ப்பக்கம் வேன் போகாது என்று முடிவாகியிருந்தது. மறுநாள் காலை ஆபீஸ் கண்ணாடி நொறுங்கிக் கிடந்தது, ஒப்பந்தமும் அதோடு போயிற்று.

"ரெண்டாவது வாட்டி அவளத்தான் மொதல்ல குந்த வெச்சேன். கல்லு கையில வெச்சினுகீறவகிட்ட பேசாம வேற யார்கிட்ட பேசறது?"

அந்த வேன் இன்றும் ஓடுகிறது.

கணவர் தானியேலுக்கு இந்தக் கதை கேட்டுக் கேட்டுப் புளித்துவிட்டது. "ஏமே, அவ கண்ணாடிய ஒடைச்சா. இவனுங்க ஆளையே காலி பண்றானுங்க. எது நடந்தாலும் நீ பெஞ்சத் தூக்கினு வந்துடற."

"பேசாம இருந்து இத்தினி வருசமா இன்னாய்யா கிழிச்சாங்க?"

"உன்னாண்ட பேசறதே பேஜாரு," என்று தானியேல் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

லீவில் வந்திருந்த ஜெபா சுவரோரம் உட்கார்ந்து பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தான். செவ்வாய்க்கிழமை திரும்ப வேண்டும். அவனோடு ஒன்றாக வேலைக்குச் சேர்ந்த வள்ளூர்ப் பையன் பரத், போன மழைக்காலத்தில் கண்ணிவெடியில் செத்துப்போனான். அவன் உடலோடு ஊருக்கு வந்தவன் ஜெபாதான்.

"நீயே சொல்லு நைனா," என்றார் மேரி. "அவங்களும் வந்து குந்திட்டா, நீ முழுசா ஊடு வந்து சேருவ இல்ல?"

ஜெபா தலை நிமிரவில்லை. "குந்தட்டும்மா. நானும் குந்தறேன். பரத்தோட அம்மாவ பெஞ்சில எந்தப் பக்கம் குந்த வெப்ப?"

தானியேல் டிவியை அணைத்தார். மேரி தரையில் கையூன்றி எழுந்தார். மூன்று தண்ணீர் கழுவிய மீனைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு, மறுபடியும் கழுவப் பின்பக்கக் குழாய்க்குப் போனார்.