புதன்கிழமை பார்த்துவைத்த கழிப்பறை

பிப்ரவரி மாதக் கடைசி ஞாயிறன்று என் பேத்தி தாராவைச் சாணக்யபுரியில் இருக்கும் ரயில் அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போனேன். தாராவுக்கு நாலரை வயது, எனக்கு எழுபத்திரண்டு. கூட வேறு யாரும் வரவில்லை. தில்லியில் நாற்பது வருடம் மத்திய அரசு உத்தியோகம் பார்த்தவன், வீட்டிலிருந்து ஐந்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் இடத்துக்குப் போனதெல்லாம் ஒரு பயணமா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கும் அந்தச் சந்தேகம் உண்டு. அதனாலேயே சில நாள் எழுதாமல் இருந்தேன். ஆனால் சின்னக் குழந்தையோடு தனியாகக் கிளம்பும் வயதானவர்களுக்கு இதில் ஏதாவது பயன்படலாம்.

நாங்கள் லக்ஷ்மிபாய் நகரில் மாப்பிள்ளையின் அரசுக் குடியிருப்பில் இருக்கிறோம். என் மகள் செல்விக்கு டிசம்பரில் இரண்டாவது குழந்தை பிறந்தது. அடுத்த மாதம் ஒருநாள், தாரா தன் மழலையர் பள்ளியில் எல்லாரும் பாடிக்கொண்டிருந்தபோது உட்கார்ந்த இடத்திலேயே ஈரமாக்கிவிட்டாள். பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். ஆசிரியை நல்லவர். அதட்டாமல் உடை மாற்றி, சமாதானம் சொல்லி அனுப்பினார். ஆனாலும் மறுநாளிலிருந்து தாரா பள்ளிக்குப் போக மறுத்தாள். பள்ளி மட்டுமில்லை, வீட்டுக் கழிப்பறையைத் தவிர வேறெங்கும் போக மாட்டேன் என்றாள். சரோஜினி நகர் கடைவீதிக்குப் போனால்கூட அரை மணி நேரத்தில் திரும்பணும் என்று அழுகை. பிறகு, யாரும் சொல்லாமலேயே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்தபோதுதான் எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

மருத்துவர் உடம்பில் ஒன்றுமில்லை என்றார். கட்டாயப்படுத்த வேண்டாம், வெளியிடத்தில் ஒரு தடவை பயமில்லாமல் போய்விட்டால் பாதி சரியாகிவிடும் என்றார். அந்த ஒரு தடவைக்காகத்தான் இந்தப் பயணம். கைக்குழந்தையை விட்டுச் செல்வியால் வர முடியாது. மாப்பிள்ளை அலுவலக வேலையாக ஹைதராபாதில் இருந்தார். மிச்சம் நான்.

எதையும் முன்கூட்டிப் பார்க்காமல் செய்ய எனக்குத் தைரியம் வராது. ஆகவே புதன்கிழமையே தனியாகப் போய், சீட்டு வாங்கி உள்ளே நுழைந்து, கழிப்பறை எங்கே இருக்கிறது, தரை ஈரமில்லாமல் இருக்கிறதா, தாழ்ப்பாள் குழந்தைக்கு எட்டுமா என்று பார்த்தேன். எல்லாம் சுத்தம். ஆண்கள் பக்கம் ஒரு ஈ, காக்கை இல்லை. தாராவை அங்கே அழைத்துப் போவது, நான் கதவருகில் நிற்பது என்று முடிவு செய்துகொண்டேன். வீட்டுக்கு வந்து விவரம் சொன்னதும் செல்வி சிரித்தாள்.

"அப்பா, இஞ்சின் பாக்காம பாத்ரூம் மட்டும் பாத்துட்டு வந்த மொத ஆளு நீங்களாத்தான் இருக்கும்."

"ரெண்டு இஞ்சினும் பாத்தேன்" என்றேன்.

ஞாயிறு காலை ஒன்பதரைக்குக் கிளம்பினோம். ஆட்டோவுக்குத் தொண்ணூறு ரூபாய். ஓட்டுநர் பீகார்க்காரர். பின்னால் திரும்பி, குட்டிமா எங்கே போகிறாள் என்று கேட்டார். ரயில் பார்க்க என்றாள் தாரா. அவர் ஊருக்கு ரயிலில் ஒரு முழு நாள் ஆகும் என்று சொன்னதும் அவள் முகம் மாறியது. ஒரு முழு நாளும் சூசூ வராதா என்று ஹிந்தியில் கேட்டாள். இங்கே பிள்ளைகளுக்கு அதுதான் வார்த்தை. ரயிலிலேயே இடம் இருக்கிறது என்றார் அவர். அவள் நம்பவில்லை. நான் ஜன்னலில்லாத அந்த வண்டியில் வெளியே கையைக் காட்டினேன். சாணக்யபுரி வட்டச் சாலைகளின் நடுவில் துலிப் மலர்கள் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்திருந்தன. பிப்ரவரியில் தில்லி ஒரு சில வாரங்களுக்கு மிகவும் அழகான ஊர். அதைப் பாராட்ட எனக்கு ஒவ்வொரு வருடமும் ஒரு சாக்கு தேவைப்படுகிறது.

பத்து மணிக்குத் திறக்கிறார்கள். திங்கட்கிழமை விடுமுறை. ஞாயிறன்று கட்டணம் சற்று அதிகம். எனக்கு நூறு, தாராவுக்கு இருபது கொடுத்ததாக நினைவு. மாறியிருக்கலாம், பார்த்துக்கொண்டு போங்கள். உள்ளே நுழைந்ததும் பழைய நீராவி எஞ்சின்கள் புல்வெளி நடுவே, தண்டவாளத்தின் மேல் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டு நிற்கின்றன. புதன்கிழமை நான் அவற்றைச் சரியாகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. என் தலைக்கு மேல் உயரமுள்ள சக்கரம் ஒன்றை தாரா இரண்டு கையாலும் தள்ளிப் பார்த்தாள். ஒவ்வொன்றுக்கும் வணக்கம் சொன்னாள். கறுப்பு எஞ்சினுக்கு மட்டும் 'அங்கிள்' என்று பெயர் வைத்தாள்.

ஒரு சமஸ்தானத்து ராஜா பயணம் செய்த பெட்டியைக் கண்ணாடி வழியாகப் பார்க்கலாம். உள்ளே வேலைப்பாடுள்ள நாற்காலிகள், மேஜை, படுக்கை. அவளைத் தூக்கிக் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "தாத்தா, ராஜா எங்க போவாரு?" என்றாள். எங்கே என்பது எனக்குப் புரிந்தது. பலகையில் எழுதியிருந்ததை இரண்டு முறை படித்தேன். அந்தத் தகவல் இல்லை. பக்கத்து அறையாக இருக்கும் என்று சொல்லி வைத்தேன். அவரும் போகத்தானே வேண்டும் என்றேன்.

குட்டி ரயிலுக்குத் தனிச் சீட்டு, தனி வரிசை. இருபது நிமிடம் நின்றோம். அருங்காட்சியகத்தைச் சுற்றிக்கொண்டு மரங்களுக்கு இடையே அது ஓடுகிறது. பெரியவர்கள் முழங்காலை மடக்கித்தான் உட்கார வேண்டும். அத்தனை குடும்பங்களும் எதிரே நிற்கிறவர்களுக்கெல்லாம் கையசைத்தார்கள். நானும் அசைத்தேன். தாரா வாய்விட்டுச் சிரித்ததை ஒரு மாதத்துக்குப் பிறகு அப்போதுதான் கேட்டேன். இறங்கியதும் பாட்டிலை வாங்கி மடக் மடக்கென்று பாதித் தண்ணீரைக் குடித்தாள். எனக்குச் சந்தோஷம், உடனே கவலை.

அரை மணி நேரம் கழித்து அவள் நடை மாறியது. கையைப் பிடித்தபடி ஒரு காலில் நின்றாள். "கர் சலோ தாத்தா" என்றாள், வீட்டுக்குப் போகலாம் என்று. வீடு அரை மணி தூரம். இங்கேயே நல்ல இடம் இருக்கிறது, தாத்தா பார்த்துவைத்திருக்கிறேன் என்று சொல்லி மெதுவாக அழைத்துப் போனேன்.

புதனில் செய்த தவறு அங்கே தெரிந்தது. வேலைநாளில் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமைக்குத் திட்டம் போட்டிருந்தேன். ஆண்கள் கழிப்பறை வாசலில் விளையாட்டுச் சீருடை போட்ட கல்லூரிப் பையன்கள் பத்துப் பதினைந்து பேர், சத்தமும் சிரிப்புமாக. கெட்ட பையன்கள் இல்லை. ஆனால் சிரிப்புச் சத்தம் கேட்டதும் தாரா என் காலுக்குப் பின்னால் போய்விட்டாள். வேண்டாம், வேண்டாம் என்றாள். பெண்கள் பக்கம் நான் போக முடியாது. அவளைத் தனியாக அனுப்பவும் முடியாது. இரண்டு கதவுகளுக்கும் நடுவில் நின்றேன். இன்றைக்கு நடந்துவிட்டால், மறுபடியும் அத்தனை பேர் முன்னால் நடந்துவிட்டால், இவள் இனி வாசல் தாண்ட மாட்டாள் என்பது மட்டும்தான் மனதில் ஓடியது.

எதிர் பெஞ்சில் பச்சைச் சால்வை போர்த்திய ஒரு பஞ்சாபி அம்மாள், பேரப்பிள்ளைகளுக்குக் கின்னு ஆரஞ்சு உரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அறுபது வயதிருக்கும். என்ன ஆயிற்று பாயி சாப் என்று அங்கிருந்தே கேட்டார். என் ஹிந்தி கோப்புகளில் பழகிய ஹிந்தி. குழந்தையின் அவசரத்தை அதில் சொல்லி முடிப்பதற்குள் அவர் எழுந்து வந்துவிட்டார். தான் அழைத்துப் போவதாகக் கை நீட்டினார். தாரா என் கால்சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "தாத்தாதான் வரணும்" என்றாள்.

அந்த அம்மாள் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. பெண்கள் கழிப்பறைக் கதவைத் திறந்து உள்ளே பார்த்துக் கணீரென்று சொன்னார்: "தாதாஜி ஆ ரஹே ஹைங், பச்சி கே சாத். தோ மினிட்." குழந்தையோடு தாத்தா வருகிறார், இரண்டு நிமிடம் என்று. உள்ளிருந்த இரண்டு பெண்கள் வெளியே வந்து, வாங்க அங்கிள் என்று வழிவிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் விலகினார்கள். அம்மாள் வாசலில் கையை விரித்து நின்றுகொண்டார். எழுபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக, தரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், நான் உள்ளே போனேன்.

குளிர்காலத்து உடுப்பு பெரிய சோதனை. ஸ்வெட்டருக்குக் கீழே கம்பளி லெகிங்ஸ், அதற்குள் இன்னொன்று. எதை முதலில் இழுப்பதென்று நான் குழம்பியதைப் பார்த்து அவளே இழுத்துக்கொண்டாள். பிறகு, வெளியே நில்லுங்கள் என்று கதவைச் சாத்தினாள். நான் கை கழுவும் தொட்டியைப் பார்த்தபடி நின்றேன்.

"தாத்தா, இருக்கீங்களா?"

"இருக்கேன்."

"யாராவது சிரிக்காங்களா?"

"யாரும் இல்ல. எல்லாரும் உனக்காக வெளிய நிக்காங்க."

"எனக்காகவா?" என்றாள். அதன் பிறகு, நாங்கள் வீட்டில் எல்லாரும் ஒரு மாதமாகக் கேட்கக் காத்திருந்த சத்தம் கேட்டது.

வெளியே வந்தபோது வரிசையில் ஆறேழு பெண்கள் நின்றிருந்தார்கள். ஒருவர்கூட முகம் சுளிக்கவில்லை. ஒரு இளம்பெண் தாராவிடம், ஹோ கயா, ஆயிற்றா என்று கேட்டாள். ஹோ கயா என்று இவள் சொன்னதற்கு நாலு பேர் 'ஷாபாஷ்' என்றார்கள். தில்லிக்காரர்கள் முரடர்கள் என்று ஊரில் யாராவது சொல்லும்போதெல்லாம் நானும் தலையாட்டியிருக்கிறேன். இனி அது கொஞ்சம் சிரமம்.

நன்றி சொல்லத் தெரியாமல் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். அம்மாள் தாராவுக்குக் கின்னு கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். உங்களுக்கும் போக வேண்டியிருக்குமே, நம் வயதில் எத்தனை நேரம் அடக்குவது, என் வீட்டுக்காரர் மணிக்கொருமுறை ஓடுகிறார் என்றார். மறைக்க முயன்றேன். உண்மையில் காலையிலிருந்து, குழந்தையை யாரிடம் விடுவது என்ற யோசனையில், நான் போகவே இல்லை. என் திட்டத்தில் எனக்கு இடம் ஒதுக்க மறந்திருந்தேன்.

தாரா ஆரஞ்சுச் சுளையை வாயில் வைத்துக்கொண்டு ஊரே கேட்கும்படி, "தாத்தா, உங்களுக்கும் வருதா?" என்றாள்.

"கொஞ்சம்."

"பயமா இருக்கா?"

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். "கொஞ்சம்" என்றேன்.

"நான் பாஹர் நிக்கேன். யாரையும் விட மாட்டேன்."

பாஹர் என்றால் வெளியே. ஆண்கள் பக்கம் இப்போது காலியாக இருந்தது. அம்மாள் சால்வையைச் சரிசெய்துகொண்டு தாராவின் பக்கத்திலேயே வந்து நின்றார். நான் உள்ளே போன உடனே வாசலில் தாராவின் குரல் கேட்டது: "தாதாஜி அந்தர் ஹைங். தோ மினிட்." தாத்தா உள்ளே இருக்கிறாராம். வேகமாக முடித்துக்கொண்டு வந்தேன். வெளியே மூன்று ஆண்கள் வரிசையாக நின்றார்கள். முன்னால் நின்றவர் ஆறடிக்குக் குறையாத ஒரு சர்தார்ஜி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என்னிடம் முகத்தில் சிரிப்பில்லாமல் சொன்னார்: "மேடம் நே பர்மிஷன் நஹீ தீ." மேடம் அனுமதி கொடுக்கவில்லையாம். தாரா அவரிடம், இப்போது போகலாம் என்றாள். போனார்.

கொண்டுபோன தயிர்சாதத்தைப் புல்வெளியில் சாப்பிட்டோம். கறுப்பு அங்கிளிடம் விடைபெற்றுக்கொண்டு இரண்டரை மணிக்கு ஆட்டோ பிடித்தோம். திரும்பும்போது நூற்றுப் பத்து கேட்டார், பேரம் பேசவில்லை. வீட்டில் நான் சொல்வதற்கு முன்பே தாரா செல்வியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். ரயிலைப் பற்றி ஒரு வரி, வாசலில் நின்றதைப் பற்றிப் பத்து வரி. செல்வி கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து, "பொம்பளைங்க பாத்ரூமுக்குள்ளயா அப்பா போனீங்க?" என்றாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், ஆனால் கண் நிறைந்திருந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். இடத்தை முன்னதாகப் பார்க்க விரும்பினால், நீங்கள் போகப்போகும் அதே கிழமையில் பாருங்கள். ஞாயிறானால் பத்து மணிக்கே போய்விடுங்கள், பன்னிரண்டுக்கு மேல் கூட்டம். குழந்தைக்கு இடுப்பில் எலாஸ்டிக் வைத்த ஒரே கால்சட்டை போதும், மாற்று உடை ஒன்று பையில் இருக்கட்டும். தாத்தா, பேத்தி என்று தனியாகப் போகிறவர்கள் உதவி கேட்கக் கூச்சப்படாதீர்கள். அதற்காக அறிமுகமில்லாதவர் கையில் குழந்தையைக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்று நான் சொல்லவில்லை. அந்த அம்மாள் பக்கத்தில் அவளை நிறுத்திவிட்டு ஒரு நிமிடத்துக்கு நான் உள்ளே போனதுகூடச் சரியா என்று இன்னும் எனக்குத் தீர்மானமில்லை. குழந்தைகளின் வாயை அடைக்காதீர்கள், அவர்கள் உரக்கக் கேட்பது நல்லது. உங்களுக்கென்றும் இரண்டு நிமிடம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து வந்த புதன்கிழமை தாரா பள்ளிக்குப் போனாள். பதினோரு மணிக்கு ஆசிரியை செல்விக்குத் தொலைபேசியில் கூப்பிட்டார். மணியைப் பார்த்துவிட்டு, மாற்று உடை இருந்த பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். செல்வி ஒலிபெருக்கியைப் போட்டாள். பாட்டு நடந்துகொண்டிருந்தபோது தாரா எழுந்து நின்று, தனக்குச் சூசூ போக வேண்டும் என்று வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னாளாம். யாரும் சிரிக்கவில்லை. அவளைப் பார்த்து இன்னும் இரண்டு குழந்தைகள் எழுந்து, எங்களுக்கும் என்றார்களாம்.